நேர்கோட்டில் இரண்டு மணி ஐந்து நிமிடம்

1

ஒளிப்பானேன், இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்திலிருந்து வந்தது. எங்கெங்கோ கிடக்கிற இரண்டு சின்ன விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று தேடினேன். 1,260 கி.மீ., பறக்கும் நேரம் 2 மணி 5 நிமிடம் என்று போட்டிருந்தது. விசாரித்தால், அந்த வழியில் நேர் விமானமே கிடையாது. எழுதினவரை நாலு வார்த்தை திட்டலாமென்று உட்கார்ந்தேன். அந்தப் பக்கத்தை எழுதினவளாக அவள் வந்து நின்றாள்.

2

"மேகங்களுக்கு மேலே அவள் மனம்..." (சே, வேண்டாம். அவள் இருப்பது மூன்றாவது மாடியில், ஏசி ஓடாத அறையில்.)

சரி, இப்படி. தூரம் எழுதுவதுதான் அவள் வேலை. வரைபடத்தில் நேர்கோடு, அதை விமானத்தின் மணி வேகமான எண்ணூறால் வகுத்து, ஏறி இறங்க அரை மணி கூட்டினால் ஒரு பக்கம் முடிந்தது. காலை ஏழு மணிக்குத் தம்பி ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டான்.

"அக்கா, அப்பா உன்னையே கேக்கறார். எவ்வளவு நேரத்துல வருவே?"

"ரெண்டு மணி அஞ்சு நிமிஷம்டா."

(யாராவது இப்படி உளறுவார்களா? உளறுவார்கள். பதறிப்போனால் வாய்க்குப் பழகினதுதான் வரும்.)

டிக்கெட் எடுக்கும்போதுதான் உறைத்தது. இரண்டு இடத்தில் மாறி, பதினோரு மணி நேரம். தம்பியிடம் சொன்னாள். அப்பாவிடம் ஏற்கெனவே இரண்டு மணி நேரம் என்று சொல்லியிருந்தான்; மாற்றிச் சொல்ல அவனுக்கு மனசு வரவில்லை.

3

மதியம் ஒரு மணி. இரண்டாவது விமானத்துக்காக இரும்பு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"அக்கா, டாக்டர் வலி ஊசி போடணும்கறார். போட்டா தூங்கிடுவார், திரும்ப முழிக்கறது சந்தேகமாம். இவர் கையைத் தட்டி விடறார். 'ரெண்டு மணி நேரந்தானே, பல்லைக் கடிச்சுக்கறேன், அவ முகத்தைப் பார்த்துட்டுத் தூங்கறேன்'கறார்."

"இப்பவுமா?"

"ஒவ்வொரு தடவையும் 'இதோ வந்துட்டா'ன்னு சொல்றேன். இனிமே என்னால முடியாதுக்கா. நீயே சொல்லு."

(வீடியோவில் காட்டலாமே என்பீர்கள். காட்டினானாம். "இது அவ இல்லடா" என்றாராம்.)

4

முடிவு ஒன்று: அவள் ஓடி வருகிறாள், அப்பா கண் திறந்து, "வந்துட்டியா" என்று (எழுதிக் கிழித்துவிட்டேன். இன்னும் ஐந்து மணி நேர வலியை அந்த மனுஷன் தலையில் கட்ட நான் யார்?)

முடிவு இரண்டு: "நீங்க ஊசி போட்டுக்குங்கப்பா" என்கிறாள். சாயங்காலம் போய்ச் சேரும்போது அவர் கை சூடாகத்தான் இருக்கிறது, ஆனால் (இதற்குக் கை வரவில்லை. அவள் முகத்தைப் பார்க்கிற ஆசையை எப்படிப் பிடுங்குவது?)

தம்பி போனை அவர் காதில் வைத்துவிட்டான்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது அவளுக்குத் தெரிகிறது. அவள் வாயில் என்ன பதிலை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, நீங்களே சொல்லுங்கள். ரொம்ப யோசிக்காதீர்கள். நீங்கள் யோசிக்கிற நேரமெல்லாம் அவர் ஊசி இல்லாமல்தான் இருக்கிறார்.