காட்சி எண் பதினேழு: பத்திரிகைச் சண்டை

எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் சித்திரை முதல் தேதியிலிருந்து ஆனி கடைசி வரைக்கும் குடும்பச் சண்டைகள் காட்சிக்கு இருக்கும். தை மாதம் காப்பாற்றப்படாத வாக்குறுதிகளை வைப்பார்கள். அதற்குக் கூட்டம் குறைவு. ஐப்பசியில் சாக்குப்போக்குகள். அவை மழைக்குக் கெடாதவை. சண்டைகளுக்கு வெயில் வேண்டும். பள்ளிக்கூடமும் அப்போதுதான் விடுமுறை, ஆகவே பிள்ளைகுட்டிகளோடு வருகிறவர்கள் கோடையில்தான் அதிகம்.

தெருச்சண்டை, பஸ்ஸில் சீட்டுக்குப் போடுகிற சண்டை இதெல்லாம் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரண்டு நாளில் பிசுபிசுத்துப் போய்விடும். கூடப்பிறந்தவர்கள், சம்பந்திகள், மாமியார் மருமகள் என்று சொந்தத்துக்குள் இருக்க வேண்டும், பத்து வருஷம் தாண்டியிருக்க வேண்டும். இந்த வருஷம் எங்களுடையதைக் கேட்டு ஆள் வந்தது.

எங்களுடையது என்றால் எனக்கும் என் அக்கா லிங்கக்கனிக்கும் உள்ளது. பதினோரு வருஷம் ஆகிறது. அக்கா அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள். நடுவில் ஒரு சுவர். அவள் தாளிக்கிற கடுகு வெடிப்பது எனக்குக் கேட்கும். பேச்சு மட்டும் கிடையாது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், ஒளிக்க என்ன இருக்கிறது. என் மகள் கோமுவின் கல்யாணப் பத்திரிகையில், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று போட்டுக் கீழே வரிசையாகப் பெயர்கள் வருமே, அதில் அக்கா வீட்டுக்காரர் பால்வண்ணம் அத்தானின் பெயர் இல்லை. அச்சகத்துக்காரர் விட்டுவிட்டார் என்று ஊரெல்லாம் சொன்னேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. மாப்பிள்ளை வீட்டார் கடைசி நேரத்தில் இரண்டு பெயர் கூடுதலாகக் கொடுத்தார்கள். இடம் பற்றவில்லை. ஒரு வரியை எடுக்கச் சொன்னது நான்தான். அத்தான் நம்ம ஆள்தானே, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன். அத்தான் எடுத்துக்கொள்ளவில்லை, அக்கா எடுத்துக்கொண்டாள்.

சண்டை என் வீட்டுப் பரணில் இருந்தது. தொடங்கி வைத்தவர் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்பது வழக்கம். ஐந்து லிட்டர் குக்கர் அளவு இருக்கும். சாம்பல் நிறம், ஒரு பக்கம் கொஞ்சம் கனம். பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது இறக்கித் துடைத்து மறுபடி ஏற்றுவேன். ஆறாவது வருஷம் அத்தான் இறந்தபோது ஒரே நாளில் இரண்டு கிலோ கூடியது. அன்றைக்கு நான் பந்தலுக்கு வெளியே, ஊரார் நின்ற இடத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். கூடப்பிறந்தவள் உள்ளே அழுகிறாள், நான் வெளியே பால்காரரோடு நிற்கிறேன். அந்தக் கேவலத்தை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

காப்பாட்சியர் மெகருன்னிசா மேடம் அளவு நாடாவோடு வந்து அதை மூன்று பக்கமும் அளந்தார். "கிணறு, வரப்பு, பாகப்பிரிவினை எல்லாம் வந்துருச்சும்மா. பத்திரிகைச் சண்டை ஒண்ணுகூட இல்ல. பிள்ளைங்க கேட்டா நான் என்ன சொல்லுவேன்?" என்றார். படிவத்தில் இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். என்னிடம் வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். ஐந்து நிமிஷத்தில் திரும்பி வந்தார். கையெழுத்துக்கு அடியில் கோடு போடும் பழக்கத்தை அக்கா இன்னும் விடவில்லை.

அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துக் காட்சி எண் பதினேழு என்று போட்டார்கள். கீழே அட்டையில் இப்படி எழுதியிருந்தது: 'பத்திரிகைச் சண்டை. சகோதரிகள் இருவர். பதினோரு ஆண்டுகள். பேசாத வகை. கண்ணாடியைத் தட்ட வேண்டாம்.'

மறுநாள் காலையில் சுவருக்கு மேலே ஒரு கை தெரிந்தது.

"ஏளா பூரணம், கறிவேப்பிலை கிடக்கா?"

கிடந்தது. கொடுத்தேன். கொடுத்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சண்டையைக் கொடுத்தனுப்பிய வீடுகளில் இது எல்லோருக்கும் நடப்பதுதான். ஆனாலும் நமக்கு நடக்கும்போது அழுகை வரத்தான் செய்கிறது.

மூன்றாம் நாள் அக்கா ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு புறவாசலுக்கு வந்தாள். "நீ இல்லாத வருசத்தையெல்லாம் ஒனக்குச் சொல்லணும்லா," என்றாள். முதல் வருஷத்திலிருந்து ஆரம்பித்தாள். அக்கா அப்படித்தான். சாம்பார் முடியாமல் ரசத்தைத் தொடமாட்டாள், ஒரு வருஷம் முடியாமல் அடுத்த வருஷத்துக்குப் போகமாட்டாள். வாரத்துக்கு ஒரு வருஷம் என்று போனது. அந்தக் கணக்கில் ஆனிக்குள் பதினொன்றும் முடிந்துவிடும் என்று விரல்விட்டு எண்ணி நிம்மதியாக இருந்தேன். ஆறாவது வருஷம் வந்தது. அதற்கு மட்டும் ஆறு வாரம் ஆனது. அத்தான் ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கேட்டது இடியாப்பம் என்றும், அது வாங்கி வருவதற்குள் தூங்கிவிட்டார் என்றும் சொன்னாள். அவசரப்படுத்த எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம் சனிக்கிழமைகளில் அருங்காட்சியகத்தில் குடும்ப நாள். அவரவர் சண்டைக்குப் பக்கத்தில் அவரவர் நிற்க வேண்டும், பிள்ளைகள் வந்து கேள்வி கேட்பார்கள். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நிறத்தில் சேலை கட்டிக்கொண்டு போனோம். இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, "ஆன்ட்டி, இதுக்குச் சாப்பாடு போடுவீங்களா?" என்று கேட்டாள். "நாங்க சாப்பிடும்போது அதுவும் சாப்பிட்டுக்கும்," என்றாள் அக்கா. அந்தச் சிறுமி எழுதிக்கொண்டாள். பின்கட்டில் பிள்ளைகளுக்குக் களிமண்ணில் சின்னச் சின்ன மனஸ்தாபம் செய்யக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெயிலில் காயவைத்து, சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

வைகாசிக் குடும்ப நாளில் தோல்பாவைக்கூத்தும் இருந்தது. அன்றைக்கு எங்கள் சண்டையை எடுத்து ஆடினார்கள். அத்தான் பாவைக்குப் பெரிய மீசை. அத்தானுக்கு மீசையே கிடையாது. அந்த மீசைப் பாவை பத்திரிகையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "என் பேரு எங்கவே?" என்று குதித்தது. சனம் சிரித்தது. அக்காவும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பிறகு மெதுவாக, "அவரு அப்படிக் கேக்கவே இல்லளா. பத்திரிகைய மடிச்சுச் சட்டப்பையில வச்சுக்கிட்டாரு. அவ்வளவுதான்," என்றாள்.

"அக்கா, அந்த வரிய எடுக்கச் சொன்னது நான்தான்."

"தெரியும்."

"என்னை மன்னிச்சிரு."

"சரி," என்றாள்.

மறுநாளே மேடத்திடம் ஓடினேன். மன்னிப்புக் கேட்டாயிற்று, அக்காவும் சரி சொல்லிவிட்டாள், சண்டையைக் கழித்துவிடுங்கள் என்றேன். மேடம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தார். சண்டை இரவலில் இருக்கும்போது கேட்கிற மன்னிப்பு செல்லாது, சண்டை வீட்டில் இருக்கும்போதுதான் கேட்க வேண்டும் என்றார். வீட்டுக்கு வந்துவிட்டால் பேச்சே இருக்காதே, எப்படிக் கேட்பது என்றேன். "அதனாலதான்மா இதெல்லாம் பழசாகுது," என்றார். குரலில் வருத்தம் இருந்தது.

நிரந்தரக் காட்சிக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று மனு எழுதிக் கொடுத்தேன். இரண்டு தரப்பும் உயிரோடு இருக்கும்போது நிரந்தரம் கிடையாது என்று பதில் வந்தது. வாங்கிக்கொள்ள வராமலே இருந்தால் என்ன என்று கேட்டேன். மூன்று நாள் பார்ப்பார்களாம், பிறகு வேனில் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்களாம், அதற்குள் அது இரண்டு மடங்கு ஊதியிருக்குமாம். அக்காவிடம் சொன்னபோது அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "நம்ம பொருள நாமதாம்ளா வாங்கிக்கணும்," என்றாள். ஆனாலும் அன்றைக்கு ஏழாவது வருஷத்தைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னாள்.

ஆனி கடைசி நாள் காலையில் எட்டாவது வருஷம் முடிந்தது. மூன்று வருஷம் மிச்சம். அக்கா முக்காலியை எடுத்துக்கொண்டாள். "நீ போயி வாங்கிட்டு வா. நான் வரல. ரெண்டு பேருமாப் போனா வழியிலேயே பேச்சு நின்னுரும்," என்றாள். வாசல் வரைக்கும் வந்து நான் ஆட்டோ ஏறுகிறவரை நின்றாள்.

வழியனுப்பு விழா கல்யாண வீடு மாதிரி நடந்தது. மேடம் நல்ல மனுஷி. வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று ஒவ்வொருவர் சண்டையையும் ஒரு மஞ்சள் தாம்பூலப் பையில் போட்டு, மேலே ஒரு தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துக் கட்டியிருந்தார். நாற்பது பை வரிசையாக இருந்தன. எல்லாம் ஒன்றுபோல இருந்தன. வாசலில் நின்றவர் எடுத்து நீட்ட நீட்ட நாங்கள் வாங்கிக்கொண்டு கும்பிட்டுவிட்டு வந்தோம். தாம்பூலப் பையை வாங்கின இடத்திலேயே பிரித்துப் பார்ப்பது மரியாதையா? ஒருவரும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து தேங்காயை எடுத்தேன். நார் ஈரமாக இருந்தது. உள்ளே கைவிட்டால் வழுவழுவென்று பாசி. எங்களுடையது இல்லை. இது உருண்டையாக, சுற்றிலும் கயிறு அறுத்த தழும்போடு, நல்ல கனமாக இருந்தது. அட்டையைப் படித்தேன். 'கிணற்றுச் சண்டை. சகோதரர்கள் இருவர். முப்பத்திரண்டு ஆண்டுகள். பேசும் வகை.'

வந்ததைக் கீழே போட முடியுமா. பரணில் ஏற்றிவைத்தேன். மறுநாள் விடிந்ததும் சுவருக்கு மேலே அக்காவின் தலை தெரிந்தது.

"முத வாளி எனக்குத்தான். மூத்தவ இருக்கும்போது நீ கயித்தத் தொட்டிரு பாப்போம்."

எங்கள் இரண்டு வீட்டிலும் கிணறு கிடையாது. ஆனாலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "மூத்தவன்னா? கிணத்துக்குத் தூரு வாரினது யாரு, ஒன் மாமனாரா?" என்றேன். அரைமணி நேரம் போட்டோம். தொண்டை கட்டிவிட்டது. பதினோரு வருஷத்தில் அப்படி ஒரு பசி எடுத்து நான் சாப்பிட்டதில்லை.

மூன்றாம் நாள் மேடம் வேர்க்க விறுவிறுக்க வந்தார். பை மாறிவிட்டது. கீழத்தெரு சொரிமுத்து வீட்டுச் சண்டை எங்களிடம், எங்களுடையது அவர்களிடம். அண்ணனும் தம்பியும் மூன்று நாளாக ஒரு வார்த்தை பேசவில்லையாம். நேராக அச்சகத்துக்குப் போய்த் தனித்தனி மூலையில் உட்கார்ந்திருக்கிறார்களாம். மேடம் மாற்றிக்கொள்வதற்குப் படிவம் கொண்டுவந்திருந்தார்.

"மாத்திக்கிடலைன்னா?" என்றேன்.

"நாலு பேரும் சம்மதிச்சா இருக்கலாம். அவங்க எழுதிக் கொடுத்துட்டாங்கம்மா. முப்பத்திரண்டு வருஷமாக் கத்தித் தொண்டை போயிருச்சாம். கொஞ்ச நாள் பேசாம இருக்கோம்கிறாங்க."

நான் 'வேண்டாம்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அக்கா என்ன போடுவாள் என்று தெரியவில்லை. பதினோரு வருஷம் அத்தானுக்காகக் காத்துவைத்த சண்டை அது, அதை விட்டுக்கொடுக்கச் சொல்ல நான் யார். மேடம் அடுத்த வீட்டுக்குள் போனார். பிறகு அக்காவின் குரல் சுவரைத் தாண்டி வந்தது. "முத கையெழுத்து அவகிட்ட வாங்கிட்டு எங்கிட்ட வாரியளா? மூத்தவ யாரு?" படிவம் வெளியே வந்தபோது 'வேண்டாம்' என்பதற்குக் கீழே பெயரும், பெயருக்கு அடியில் கோடும் இருந்தன.

மறுநாள் கிணறு வந்திருந்தது. பாதி எங்கள் புறவாசலில், பாதி அக்காவின் புறவாசலில். சுவர் அந்த இடத்தில் மட்டும் நின்று, கிணற்றைத் தாண்டி மறுபடி தொடங்கியது. தண்ணீர் மேலேயே கிடந்தது.

விடிந்தால் சண்டைதான். முதல் வாளி யார், கயிற்றை நனைத்துப்போட்டது யார், துவைகல்லில் யார் சோப்பு. வாயும் கையும் ஓய்ந்த பிறகு அக்கா அவள் பக்கத்துக் கட்டுச்சுவரில் உட்காருவாள், நான் என் பக்கத்தில். "ஒம்பதாம் வருசம்," என்று ஆரம்பிப்பாள். ஆடி பாதிக்குள் பதினொன்றும் முடிந்தது. சொல்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாமல் அன்றைக்கு இரண்டு பேரும் கால் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தோம். அப்போது நான் ஒரு தடவை மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சண்டை என் வீட்டில் இல்லாததால் செல்லாது. இருந்தும் கேட்டேன்.

ஆடி கடைசியில் கீழத்தெருவிலிருந்து சொரிமுத்துவும் அவர் தம்பியும் தனித்தனி சைக்கிளில் வந்தார்கள். ஒன்றும் பேசாமல், அச்சகத்தில் புதிதாக அடித்த ஒரு பத்திரிகையைத் தாம்பாளத்தில் வைத்து நீட்டினார்கள். கோமுவின் கல்யாணப் பத்திரிகை. ஆவணி பத்தாம் தேதி, காலை ஆறு மணி முகூர்த்தம். கோமுவுக்கு இரண்டு பிள்ளைகள், மூத்தது நாலாவது படிக்கிறது. அவளை லீவு சொல்லிவிட்டு வரச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்பதற்குக் கீழே முதல் பெயர், தனி வரியில், கொஞ்சம் பெரிய எழுத்தில், பால்வண்ணம்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மூன்று தடவை படித்தாள். விரலை அந்தப் பெயருக்கு முன்னால் வைத்தாள்.

"தெய்வத்திருன்னு போடலையே."

"ஆமாக்கா. போடல."

இறந்தவர் என்றால் பெயருக்கு முன்னால் அதைப் போட வேண்டும். போடவில்லை என்றால் அவர் நேரில் நின்று வரவேற்றாக வேண்டும். அக்கா உள்ளே போய் பீரோவைத் திறந்து, வேட்டியும் வெள்ளைச் சட்டையும் எடுத்துவந்தாள். சட்டைப்பையில் ஒரு பழைய பத்திரிகை நாலாக மடித்து இருந்தது. அதை எடுத்துவிட்டுப் புதியதை அதே மாதிரி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள், சட்டை காய்ந்ததும் பையில் வைக்க. முதல் வாளித் தண்ணீரை நானே இறைத்துத் துவைகல்லில் ஊற்றினேன். அவள் சண்டைக்கு வரவில்லை.

"ஆறு மணி முகூர்த்தம்னா அவரு நாலு மணிக்கே எந்திரிச்சிருவாரு," என்றாள், சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டே. "குளிக்க வெந்நி வேணும்."

நான் இரண்டாவது வாளியை இறக்கினேன்.