நொண்டி மான் மேதை

உலக நாகரிக வரலாற்றில் ஒரு திருத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. பொறுப்பில் உள்ளவர்கள் பேனாவை எடுத்துக்கொள்ளலாம். ஆயிரத்து எண்ணூற்று நாற்பதுகளில், வட பொஹீமியாவில், எங்கள் ஸ்கெல்னா ஊரில், பெயர் தெரியாத மாமேதை ஒருவர் வாழ்ந்தார். கண்ணாடிக் கோப்பைகளில் அவர் செதுக்கிய மான்களுக்கெல்லாம் இடது முன்னங்கால் குட்டை. எனவே அவருக்கு ‘நொண்டி மான் மேதை’ என்று பெயர்.

அவரைக் கண்டுபிடித்தவர் எங்கள் செதுக்குக் கண்ணாடி சேகரிப்போர் சங்கத் தலைவர் வெண்டலின் குட்ர்னா. ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். முப்பது வருஷம் ரயிலுக்குக் கொடி காட்டிய கை அது. சங்கத்தில் யார் வாய் திறப்பதென்றாலும் அந்தக் கை முதலில் உயர வேண்டும். நான் சங்கத்தின் செயலாளர், அதாவது அவர் சொல்வதை எழுதிக்கொள்கிறவன்.

அவரிடம் முப்பத்தொரு கோப்பைகள் இருந்தன. எல்லாமே சிவப்புப் பூச்சுக் கோப்பைகள். செதுக்கும் சக்கரம் பூச்சை அறுத்துக்கொண்டு போன இடத்திலெல்லாம் வெள்ளை வெளேரென்று மான், மரம், புல். ஞாயிற்றுச் சந்தைகளிலும் செத்தவர் வீட்டுப் பரண்களிலுமாக இருபத்தாறு வருஷம் பொறுக்கியவை.

ஒன்றை ஒப்புக்கொண்டாக வேண்டும், அவருக்குக் கண் உண்டு. கோப்பையைக் கறுப்பு வெல்வெட் துணிமேல் வைத்து, பெருவிரல் நகத்தால் ஒரு கோடு தடவுவார். “அமிலம் அரிச்சா ஒரே ஆழமாப் போவும். மணல் அடிச்சா சொரசொரன்னு இருக்கும். செப்புச் சக்கரத்துல கையால பண்ணினதுன்னா எறங்கும், ஏறும், மூச்சு விடும்” என்பார். அதில் அவர் தோற்று நான் பார்த்ததில்லை.

தோற்றது அதற்கு மேலே அவர் கட்டிய கதையில். நகத்துக்குப் பட்ட வெட்டின் வித்தியாசத்தை வைத்து, மேதையின் வாழ்க்கையை அவர் ஏழு காலகட்டங்களாகப் பிரித்திருந்தார். குட்டைக்காலுக்குக் கீழே மூன்று புல் முளைத்திருந்தால் அது இளமைக்காலம், நம்பிக்கை. கல் இருந்தால் நடுவயது, உலகின் கடுமை. கால் ஒன்றுமில்லாமல் அந்தரத்தில் முடிந்தால் முதுமை. ‘மரணத்தை நோக்கிய மௌனம்’ என்று தம் நாற்பது பக்கக் கைநூலில் எழுதியிருக்கிறார். அதைத் தட்டச்சு செய்தவன் நான். ‘மௌனம்’ வந்த இடத்தில் அவர் கண் கலங்கியது உண்மை.

அவர் ஆசை ஒன்றே ஒன்றுதான். எங்கள் ஊர் அருங்காட்சியகத்தின் மாடியில் மூலை அறை காலியாக இருந்தது. அந்த அறையில் இந்த முப்பத்தொன்றும் நிரந்தரமாக நிற்க வேண்டும், வாசலில் பித்தளைப் பலகையில் அவர் பெயர் இருக்க வேண்டும். அதைத் தீர்மானிக்க வட்டாரத் தலைமை அருங்காட்சியகத்திலிருந்து டாக்டர் ஸ்லாவிகோவா ஒரு சனிக்கிழமை வருவதாக இருந்தது.

வந்தார். சங்கம் கூடும் மதுக்கடையின் பின்கூடத்தில் ஏழு தட்டு அலமாரி, தட்டுக்கொரு காலகட்டம், தட்டுக்கொரு சீட்டு. தலைவர் சீருடை போட்டிருந்தார். ரயில்வே சீருடைதான். ஒன்றே கால் மணி நேரம் பேசினார். டாக்டரம்மா கொட்டாவியை மூக்கு வழியாகவே விட்டுவிடும் அளவுக்குப் படித்தவர்.

முதுமைக் காலத்தை நெருங்கியபோது, கடையின் சமையலைப் பார்க்கும் ஸ்வதவா ஒரு பெரிய தட்டோடு உள்ளே வந்தாள். உருளைக்கிழங்கு சாலட் தடவி, தொடைக்கறியும் முட்டையும் ஊறுவெள்ளரியும் அடுக்கிய ரொட்டித் துண்டுகள். அலமாரியைப் பார்த்ததும் தட்டைப் பியானோமேல் வைத்துவிட்டாள்.

“அட! எம் மானு!”

தலைவரின் கை உயர்ந்தது. சிவப்புக் கொடி.

“ஸ்வதவா, இது ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தஞ்சு.”

“அது எம் பாட்டன் பொறந்த வருஷமாக்கூட இருக்காது தலைவரே. இது அறுபத்தொம்பது. நான் அரசாங்கப் பட்டறையில சக்கரத்துல உக்காந்திருந்த வருஷம். சிவப்பு மானு, ஷிஃப்டுக்குப் பதினொண்ணு.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். அநேகமாக நான்தான்.

“அப்ப அந்தக் கால்?” என்றார் தலைவர். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. “முப்பத்தொரு மானுக்கும் ஒரே கால் குட்டையா இருக்கே? தற்செயலா?”

“செவுத்துல மான் படம் ஒண்ணு மாட்டியிருந்துச்சு. அதைப் பாத்துத்தான் எல்லாரும் செதுக்கணும். அது கீழ்மூலையில கிழிஞ்சு போச்சு. குளம்போட சேத்துக் கிழிஞ்சிருச்சு. புதுப் படம் வேணும்னு மேஸ்திரி ப்ரோகோப்புகிட்டச் சொன்னோம். மேல எழுதிப் போட்டிருக்கேன், வர்ற வரைக்கும் இருக்கறதச் செதுக்குங்கன்னாரு. அஞ்சு வருஷம் வரல.”

“நீங்களே ஒரு குளம்பு போட்டுக்க வேண்டியதுதானே?” என்று டாக்டரம்மா கேட்டார். இப்போது அவருக்குத் தூக்கம் இல்லை.

“படத்துல இல்லாததப் போட்டா சரக்கத் திருப்பி அனுப்பிருவாங்கம்மா. ஆனா புல்லு, கல்லு நம்ம இஷ்டம். அதனால அந்த ஓட்டையை அவங்கவங்க ஒரு விதமா மறைச்சோம். நான் மூணு புல்லு.”

தலைவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷம் முகத்திலிருந்து ஒவ்வொன்றாக இறங்கிப் போவது தெரிந்தது. அவரைக் கேலி செய்தே காலம் தள்ளியவன் நான். அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

“சான்று?” என்றார் அவர்.

“நடுப் புல்லுக்கு அடியில பாருங்க, ஒரு நத்தை இருக்கும்.”

“அது காளான். நிலையாமையின் குறியீடு. கைநூல், பக்கம் பன்னெண்டு.”

“நத்தை தலைவரே! கொம்பு தெரியல? அதுதான் மேஸ்திரி ப்ரோகோப்பு. படம் வாங்கிட்டு வர்றாரு!”

டாக்டரம்மா தலைவரின் பூதக்கண்ணாடியை வாங்கிக் குனிந்தார். “கொம்பு இருக்கு” என்றார்.

ஸ்வதவா அதோடு நிற்கவில்லை. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு தட்டுத் தட்டாகப் போனாள்.

“இந்த வரிசை பூராவும் நான். கீழ, கல்லு போட்டது யார்மிலா. அவளுக்குப் புல்லு வராது, முள்ளுக்கம்பி மாதிரி வரும். இந்தப் புதரு பெரிய ஆல்டா, அதுக்கடுத்தது சின்ன ஆல்டா. ரெண்டு பேரும் பேசிக்க மாட்டாங்க, புதரும் எதிரெதிரா சாஞ்சிருக்கும் பாருங்க. இது, இது… ஆமா. கடைசித் தட்டு, ஒண்ணுமே இல்லாம அந்தரத்துல விட்டது, நம்ம போஹுஷ்.”

“மரணத்தை நோக்கிய மௌனம்” என்றேன் நான், ஞாபகத்திலிருந்து.

“சாப்பாட்டு நேரத்துல நாலு பியர். அதுக்கப்புறம் அவனுக்குப் புல்லாவது கல்லாவது!”

சிரிப்பு அடங்கியதும் டாக்டரம்மா கேட்டார்: “ஒரு நிமிஷம். ஏழு தட்டு, ஏழு பேர். ஒருத்தர் கோப்பை இன்னொருத்தர் தட்டுல எங்கயாவது கலந்திருக்கா?”

ஸ்வதவா திரும்பவும் முதலிலிருந்து பார்த்தாள். இந்தமுறை மெதுவாக. ஒவ்வொரு கோப்பையையும் கையில் எடுத்து, நகத்தால் தடவி வைத்தாள். கூடத்தில் ஊறுவெள்ளரி கடிக்கும் சத்தம்கூட நின்றுவிட்டது.

“இல்லம்மா” என்றாள். “ஒண்ணுகூட மாறல. பக்கத்துப் பக்கத்துல உக்காந்து வேலை செஞ்ச எங்களுக்கே சில சமயம் குழம்பும். இவரு எப்படிங்க…”

தலைவரை அவள் பார்த்த மாதிரி அந்த ஊரில் அதற்குமுன் யாரும் அவரைப் பார்த்ததில்லை.

“செதுக்கின கையை மட்டும் வெச்சு ஏழு பேரைப் பிரிச்சிருக்கீங்க” என்றார் டாக்டரம்மா. “பெயரும் தெரியாம, கையெழுத்தும் இல்லாம. எங்க ஆட்கள்ல இதைச் செய்ய ஒருத்தர் இல்ல, குட்ர்னா.”

தலைவர் தொப்பியைச் சரிசெய்துகொண்டார். முதுகெலும்பு ஒவ்வொரு கணுவாக நிமிர்ந்தது.

“அதாவது,” என்றார், “ஏழு ரயிலும் சரியான பிளாட்பாரத்துலதான் நிக்குது. வந்த நேரம்தான் நூத்தியிருபத்திநாலு வருஷம் லேட்.”

கைதட்டினோம். நானும்தான், இரண்டு கையாலும்.

அறை கிடைத்தது. பித்தளைப் பலகையில் முதலில் தம் பெயர் மட்டும் என்றார் தலைவர். ஸ்வதவா அன்று மாலை அவருக்கு சூப் ஊற்ற மறுத்துவிட்டாள். மறுநாள் கை உயர்ந்தது, பச்சைக் கொடி. பலகையில் எட்டுப் பெயர்கள் ஏறின. போஹுஷ் தன் பெயருக்கு அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு, அதை வீட்டில் கல்யாணப் படத்துக்கு மேலே மாட்டியிருக்கிறான். பெரிய ஆல்டாவும் சின்ன ஆல்டாவும் திறப்பு விழாவில் பேசிக்கொண்டார்கள், யார் பெயர் முதலில் வர வேண்டும் என்று. கைநூலின் இரண்டாம் பதிப்பில் ‘மேதை’ என்று வரும் இடமெல்லாம் ‘மேதைகள்’ என்று நான் பேனாவால் திருத்தினேன். ஸ்கெல்னாவில் இவ்வளவு நிமிர்ந்து நடந்த மனிதர்களை நான் பார்த்ததில்லை.

சென்ற ஆண்டு அந்த அறைக்குள் சங்கத்தார் தவிர ஒன்பது பேர் வந்தார்கள். ஏழு பேர் மானைச் செதுக்கியவர்கள். மற்ற இருவர் கழிப்பறையைத் தேடி வந்தவர்கள்.