மூன்றாவது வரியில் ஒரு தப்பு

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் பாடவேளை எந்த ஆசிரியருக்கும் பிடிக்காது. ஒன்பதாம் வகுப்பு பி பிரிவில் அது கணக்கு டீச்சர் தலையில் விழுந்திருந்தது. அந்த வருடம்தான் வேலைக்குச் சேர்ந்தவள். முதல் மாதம் முழுக்கத் தொண்டை வற்றக் கத்திப் பார்த்தாள். நாற்பத்தொரு பேரில் பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்கினார்கள்.

ஒருநாள் கைதவறி ஏழெட்டு ஐம்பத்துநாலு என்று பலகையில் எழுதிவிட்டாள். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. டீச்சருக்கே கணக்கு வரவில்லை என்பதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். இனி தினமும் ஒரு தப்பு வேண்டுமென்றே போடுவேன், கண்டுபிடிப்பவர் சாக்பீஸை வாங்கிக்கொண்டு வந்து ஏன் தப்பு என்று சொல்லவேண்டும் என்றாள். பத்து நாளில் கடைசி பெஞ்சுகூட ஒவ்வொரு வரியையும் சந்தேகத்தோடு பார்க்க ஆரம்பித்தது.

ஒருத்தி மட்டும் வாயைத் திறக்கவில்லை. ஜன்னலோரம் உட்காரும் அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்திருந்த பெயர் சைலன்ட் மோடு. பலகையில் இருப்பதை அப்படியே எழுதிக்கொள்வாள், தப்பையும் சேர்த்து.

அந்த நோட்டைத் தூக்கிக்கொண்டுதான் அவளுடைய அப்பா தலைமையாசிரியை அறைக்கு வந்தார். மருந்துக்கடை வைத்திருப்பவர். கணக்கு டீச்சரையும் கூப்பிட்டனுப்பினார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"விளையாட்டா ஒரு மாத்திரையை மாத்திக் குடுத்தேன்னு நான் சொல்ல முடியுமா டீச்சர்? என் பொண்ணு இதைப் பார்த்துத்தான் பரீட்சைக்குப் படிக்கிறா."

டீச்சர் நோட்டை வாங்கிப் புரட்டினாள். எல்லோரும் திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்திருந்தாள். திருத்தாமல் போகிறவள் ஒருத்தி இருப்பாள் என்று யோசிக்கவே இல்லை.

அவர் போனதும் தலைமையாசிரியை மேசையில் விரித்திருந்த ஃபைலை மூடினார். டீச்சரின் வேலை நிரந்தரமாவதற்கு அவர் அறிக்கை எழுத வேண்டிய மாதம் அது. வியாழக்கிழமை வகுப்பில் வந்து உட்காருவதாகச் சொன்னார். அன்றைக்கு ஒரு தப்பும் இருக்கக்கூடாது என்றார். வேண்டுமென்று போட்டதாக இருந்தாலும் சரி.

டீச்சர் ஒப்புக்கொண்டாள். வியாழக்கிழமைக்கான கணக்குகளை மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு வந்தாள். ஆனால் இன்றைக்குத் தப்பு கிடையாது என்று வகுப்பிடம் சொல்ல இடம் கிடைக்கவில்லை. அவள் நுழையும்போதே தலைமையாசிரியை கடைசி பெஞ்சில் பேனாவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார்.

முதல் கணக்கு, இரண்டாவது கணக்கு. நாற்பத்தொரு ஜோடிக் கண்கள் பலகையை மேய்ந்தன. ஒன்றும் சிக்காததால் முன்வரிசையில் குசுகுசுவென்று பேச்சு எழுந்தது. டீச்சருக்கு உள்ளங்கை வியர்த்து சாக்பீஸ் வழுக்கியது. மூன்றாவது கணக்கை வேகமாக எழுதினாள்.

5(x − 2) = 3x + 8
5x − 10 = 3x + 8
5x − 3x = 8 − 10
2x = −2
x = −1

திரும்பினாள். சைலன்ட் மோடு எழுந்து நின்றிருந்தாள்.

"மூணாவது வரி மிஸ்," என்றாள். பாதிப் பேர் அவள் குரலை அன்றைக்குத்தான் கேட்டார்கள். "மைனஸ் பத்து அந்தப் பக்கம் போனா பிளஸ் பத்தாகணும்."

வகுப்பு மேசையைத் தட்டியது. கடைசி பெஞ்சில் பேனா நின்றது.

டீச்சர் பலகையைப் பார்த்தாள். அந்தப் பெண் சொன்னது சரி. வேண்டுமென்றே போட்டேன் என்றால் சொல்பேச்சு கேட்காதவள். தெரியாமல் போட்டேன் என்றால் ஒன்பதாம் வகுப்புக் கணக்கே வராதவள். முதலாவதைச் சொன்னால் பிள்ளைகள் முன்னாலாவது மானம் தப்பும். நின்றுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்தாள். அவள் உட்காரவில்லை, தான் சொன்னது சரிதானா என்று காத்திருந்தாள்.

"இது நான் வேணும்னு போட்டதில்ல," என்றாள் டீச்சர். "நிஜமாவே தப்பு பண்ணிட்டேன். நீ வந்து சரி பண்ணு."

மேசைத்தட்டல் அடங்கியது. அந்தப் பெண் வந்து சாக்பீஸை வாங்கினாள். மூன்றாவது வரியில் தொடங்கி விடைவரை அழித்து, பதினெட்டு, ஒன்பது என்று எழுதினாள். அதோடு நிற்காமல் ஒன்பதை முதல் வரியில் வைத்து இரண்டு பக்கமும் முப்பத்தைந்து வருவதைக் காட்டினாள். யாரும் அவளை அதைச் செய்யச் சொல்லவில்லை. மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.

தாழ்வாரத்தில் தலைமையாசிரியை டீச்சரோடு நடந்தார்.

"இன்னும் ஆறு மாசம் பார்த்துட்டுத்தான் நிரந்தரம்னு எழுதப்போறேன். பதற்றத்துல கணக்கு போடக்கூடாது," என்றார். படியருகே நின்றார். "தப்பு பலகையோட நிக்கட்டும். நோட்டுக்குப் போறது திருத்தினதா இருக்கணும். அதை நீங்களே தினம் பாருங்க. அவங்கப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்."

ஆறு மாதம் என்பது அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. அன்று வீட்டில் அம்மா எப்படி நடந்தது என்று கேட்டதற்கு, பரவாயில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

மறுநாள் முன்வரிசைப் பையன் ஒருவன், நேத்து போட்டது வேணும்னுதானே மிஸ் என்று கேட்டான். இல்லை என்றாள். அவன் நம்பவில்லை, பாதி வகுப்பு நம்பவில்லை. ஜன்னலோரப் பெண் மட்டும் திரும்பி அவனிடம், "நிஜம்தான்," என்று சொல்லிவிட்டு நோட்டைத் திறந்தாள்.