பேரம் பேசாதவன்

கயிறு வாங்க வருகிறவன் முகத்தை எந்தக் கடைக்காரனும் பார்ப்பதில்லை. கயிற்றைத்தான் பார்ப்பான். இது தெரியாமல் ஒரு முழுப் படத்துக்குக் கதை எழுதிக்கொண்டு, கேரளாவிலிருந்து ஒரு பெண் எங்கள் கச்சிராயபாளையத்தில் வந்து இறங்கினாள்.

பேர் ஜிஸ்மி. இருபத்தெட்டு வயது இருக்கும். அவளுக்கு இதுதான் முதல் படம், மலையாளத்தில். கொலை, போலீஸ், துப்பு எல்லாம் உண்டு. பறந்து பறந்து அடிப்பது மட்டும் கிடையாது. செத்தவர் பால்காரர். கொன்றவன் கரும்பு லாரி டிரைவர். எல்லாரும் தெருவில் நாம் பார்க்கிற ஆட்கள். கல்வராயன் மலைக்கு ஏறுகிற வழியில் நிஜமான ஒரு கடை, நிஜமான ஒரு கடைக்காரர் வேண்டும் என்று தேடிக்கொண்டு வந்தவள், கயிறும் மண்வெட்டியும் தார்ப்பாயும் விற்கிற என் கடை முன்னால் நின்றாள்.

வந்த அன்றைக்கே மழை. கேமராவை மூட தார்ப்பாய் கேட்டாள். ஆயிரத்து இருநூறு என்றேன். போனை எடுத்து ஸ்கேன் பண்ணி முழுசையும் கட்டிவிட்டுப் போய்விட்டாள். எண்ணூற்றைம்பதில் முடிக்கலாம் என்று மனசைத் தயார் பண்ணி வைத்திருந்தவன் நான். இருட்டில் இல்லாத படியில் கால் வைத்த மாதிரி இருந்தது. எங்கள் வீட்டில் பிள்ளைகள் முதலில் பேசுகிற வார்த்தையே 'கட்டாதுங்க' என்பதுதான். எங்களிடம் வந்து இப்படிப் பண்ணலாமா?

"அண்ணா, கடைக்காரரா நீங்களே நடிக்கணும்" என்றாள் மறுநாள்.

"நடிக்கிறேம்மா. என் கடை போர்டு படத்துல தெரியணும்."

"தெரியும்."

"முழுசா."

"பாதி."

"முக்கா."

முக்காலில் முடிந்தது. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

கதைப்படி, டிரைவர் என் கடையில் கயிறு வாங்குகிறான். மறுநாள் இன்ஸ்பெக்டர் வந்து என்னை விசாரிக்கிறார். நான் அடையாளம் சொல்கிறேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ் அவனிடம் போய்ச் சேர வேண்டும். வாங்குகிற காட்சியைத் திங்கட்கிழமை எடுத்துவிட்டார்கள். விசாரணை செவ்வாய்க்கிழமை. இன்ஸ்பெக்டராக நடித்தவர் திருச்சூர் நாடகக்காரர். சாயந்தரம் சேலம் போய் ரயில் பிடித்தாக வேண்டும்.

நான் சொல்ல வேண்டியது ஒரே வரி: "ஆமாங்க சார், உயரமா ஒருத்தன் வந்தான், இடது கன்னத்துல தழும்பு."

பதினோரு தடவை சொன்னேன். பதினோரு தடவையும் ஜிஸ்மி தலையை ஆட்டினாள். படக் கம்பெனி மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அப்புறம் எதிர்ச்சாரியைப் பார்த்தார். அங்கே உரக்கடை அறிவுச்செல்வன், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையும் முகம் நிறைய பவுடருமாக, காலையிலிருந்து தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அன்றைக்கு ஒரு மூட்டை யூரியா கூட அவர் கையால் விற்கவில்லை.

"அவரு தயாரா இருக்காரு. ஒரு தடவை பாத்துடலாம்" என்றார் மேனேஜர்.

அறிவுச்செல்வன் ரோட்டைத் தாண்டி வந்துவிட்டார். "இன்னா சுப்புராயா, வரலியா? வுடு. எல்லாருக்கும் எல்லாம் வருமா? நான் பள்ளிக்கூடத்துல ராஜா வேஷம் கட்டினவன்."

"ராஜா வந்து கயிறா விப்பான்? நீ போய் யூரியாவப் பாரு" என்றேன். கள்ளக்குறிச்சியில் இருக்கிற மச்சான் முதல் தியாகதுருகத்தில் இருக்கிற சகலை வரை எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். என் மனைவி சந்தியா, படம் வரும்போது கட்டிக்கொள்ளப் புடவையே எடுத்து வைத்துவிட்டாள். இனிமேல் என் கடையில் நின்று, என் போர்டுக்குக் கீழே அறிவுச்செல்வன் கயிறு விற்றால், நான் மலைமேல் போய்த்தான் பிழைக்க வேண்டும்.

ஜிஸ்மி என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள். "அண்ணா, வார்த்தை எல்லாம் சரி. ஆனா நீங்க பொய் சொல்ற மாதிரி இருக்கு. ஏன்?"

"பொய்தானேம்மா."

"என்ன?"

"கயிறு அளக்கறவன் கன்னத்தையா பாத்துக்கினு இருப்பான்? அந்த நேரத்துல முழம் தப்பினா யாருக்கு நட்டம்? ஒரு நாளைக்கு நாப்பது பேரு வராங்க. எவன் கன்னம் எப்படி இருந்துச்சின்னு என்னைக் கேட்டா நான் இன்னா சொல்றது?"

அவள் முகம் விழுந்துவிட்டது. அங்கே கிடந்த சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்தாள். அந்த ஒரு வரி போனால் துப்பு போச்சு. துப்பு போனால் படமே போச்சு. மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார்.

உட்கார்ந்தபடியே கேட்டாள். "அப்ப உங்களுக்கு யாரைத்தான் ஞாபகம் இருக்கும்?"

"பேரம் பேசாதவன."

"அதென்ன?"

"இந்தப் பக்கத்துல சொன்ன வெலைக்கி வாங்கறவன் கிடையாதும்மா. மணலூர்பேட்டை மிராசுதாரா இருந்தாலும் அஞ்சு ரூவா கொறைப்பாரு. கொறைக்காம போனா அவருக்கும் தூக்கம் வராது, எனக்கும் வராது. நேத்து எடுத்தீங்களே, டிரைவரு கயிறு வாங்கற சீனு. நான் நூத்தி அறுபதுன்னேன். அவன் பாட்டுக்கு நோட்ட வெச்சிட்டு, கயித்த எடுத்துக்கினு போயிட்டான். எனக்கு அப்பவே ஒரு மாதிரி ஆயிடுச்சி. நம்மூரு ஆளு பேரம் பேசலன்னா அவன் மனசுல வேற இன்னமோ ஓடிக்கினு இருக்குதுன்னு அர்த்தம்."

ஜிஸ்மி என்னையே பார்த்தாள். அந்தக் காட்சியில் பேரம் இல்லாதது அவளுக்குத் தெரிந்து நடந்ததல்ல. எழுதினவளே பேரம் பேசாதவள். அவள் எழுதினவனுக்கு மட்டும் எப்படிப் பேச வரும்? தன் தப்பே தனக்குத் துப்பாகிவிட்டதை அவள் புரிந்துகொள்ள அரை நிமிஷம் ஆனது. எழுந்து கையிலிருந்த தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தாள்.

"அண்ணா, இப்ப சொன்னதை அப்படியே இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லுங்க. நடிக்க வேண்டா."

சொன்னேன். இன்ஸ்பெக்டர் கேட்டார், "வேற எதுவும் ஞாபகம் இல்லையா?" நான் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே, "வேற இன்னா சார் வேணும்?" என்றேன். அது தாளில் இல்லாதது, பழக்கத்தில் வந்தது. அவர் திருதிருவென்று முழித்து, ஒரு பூட்டை எடுத்து விலை கேட்டார். ஒரே டேக். சேலம் ரயிலும் கிடைத்தது.

அறிவுச்செல்வன் கைக்குட்டையால் பவுடரைத் துடைத்தார். பாவமாக இருந்ததால் நானே சிபாரிசு செய்தேன். படத்தில் எனக்குப் பின்னால் ரோட்டில் டிவிஎஸ் வண்டியில் ஒருத்தர் போவார், அது அவர்தான். மூன்று செகண்டு. அதைப் போனில் நிறுத்தி வைத்து இன்றைக்கும் ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

ஏழு மாதம் கழித்துக் கள்ளக்குறிச்சியில் படம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்குக் கடைத்தெருவில் பாதிப் பேர் வந்திருந்தார்கள். மற்றவர்கள் பேசுகிறதெல்லாம் மலையாளம், கீழே எழுத்து ஓடியது, யாரும் படிக்கவில்லை. நான் வந்து, "பேரம் பேசலீங்க சார், அப்பவே எனக்கு சந்தேகம்" என்றதும் பின்னாலிருந்து ஒரு குரல்: "கரெக்ட்டுப்பா, அவன்தான்." சந்தியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். போர்டு முக்கால் தெரிந்தது. பேசினபடி.

படம் முடிந்தது, இனி வியாபாரத்துக்கு வருவோம். அந்தப் படம் வந்ததிலிருந்து என் கடையில் யாரும் சும்மா பேரம் பேசுவதில்லை. உயிரைக் கொடுத்துப் பேசுகிறார்கள்.

போன வாரம் வெள்ளிமலையிலிருந்து குஞ்சம்மாள் மண்வெட்டி வாங்க வந்தாள். பத்து வருஷமாக வருகிறவள். இருபது ரூபாய் குறைப்பாள், வெற்றிலை போடுவாள், போய்விடுவாள். நானூறு என்றேன்.

"இருநூறு" என்றாள்.

"இன்னா குஞ்சம்மா, எப்பவும் இருபதுதான கொறைப்ப?"

"பேரத்தக் கம்மியா பேசினா நீ போலீசுல சொல்லிக் குடுக்கற ஆளாச்சே. எனக்கு எதுக்கு வம்பு?"

அரை மணி நேரம் பேசினோம். இருநூற்றெழுபதில் முடிந்தது. எனக்கு அடக்க விலையே இருநூற்று அறுபது. சந்தியா உள்ளிருந்து என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் மண்வெட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "வேற?" என்றேன்.

"வேற ஒண்ணும் இல்ல. படம் பாத்தேன். நல்லாதான் இருந்த." வாசல்படி இறங்கி, நின்று, திரும்பினாள். "அந்தக் கயித்துக்கு நூத்தி அறுபது ஜாஸ்திதான்."