தலையாட்டியவர்கள்

ஸ்டெதஸ்கோப்பின் சில்லிட்ட வட்டம் மார்பில் பட்டதும் அந்த அம்மாள் தோளைக் குறுக்குகிறாள், பீடித் தூள் வாசம் போகாத விரல்கள் கட்டில் விளிம்பைப் பற்றுகின்றன, வால்வு சுருங்கிய இதயம், கேட்கிறதா என்கிறார் பேராசிரியை மெஹருன்னிசா, முன்னால் நின்ற ஏழு மாணவர்களும் கேக்குது மேடம் என்று பூம்பூம் மாடுகளாய்த் தலையாட்டிவிட்டார்கள், எட்டாவதாக இசக்கியம்மாளும் ஆட்டினாள், காதில் ஒரு மண்ணும் விழவில்லை, கேட்கவில்லை என்று சொல்வது வெட்கக்கேடு என்று எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்கவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும், அப்போது படுத்திருந்த அம்மாள்தான் சொன்னாள், இந்தப் புள்ளைக்குக் கேக்கல, முழிக்கதப் பாத்தாலே தெரியுதே, இன்னொரு தடவ வைக்கச் சொல்லுங்க, எனக்கொண்ணும் சங்கடமில்ல. மேடம் திட்டவில்லை, அந்த அம்மாளை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, மூச்சை வெளியே விட்டு அடக்கச் சொல்லி, இசக்கியின் கையைப் பிடித்து மெல்ல நகர்த்தினார், பக்கத்து வீட்டில் ஆட்டுக்கல் உருள்வதுபோல ஓர் உருட்டல், இதுவா, இதுதானா, சந்தோஷத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

எட்டு வருஷம் ஆகிவிட்டதா, எம்.டி.யும் முடித்து அதே வார்டின் டாக்டர் அறையில் உட்கார்ந்திருக்கிறாள், பையில் உதவிப் பேராசிரியர் ஆணை, இன்று மாலை ஐந்துக்குள் சேராவிட்டால் அது வெறும் காகிதம், எதிரே ஜெரால்டு நீட்டிய படிவம், கூடப் படித்தவன், மேற்படிப்பு முடித்த டாக்டர்களில் யார் கல்லூரியிலேயே ஆசிரியராகத் தங்குவார்கள் என்று ஆராய்கிறான், பெண்ணா, கல்யாணமாகிவிட்டதா, குழந்தை உண்டா, எத்தனை கட்டுரை வெளிவந்தது, குடும்பத்துக்குச் சொந்த ஆஸ்பத்திரி உண்டா, அவள் டிக் அடிக்க அடிக்க எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான், நீ தங்கமாட்ட இசக்கி, இருநூறு பேருகிட்ட வாங்கியாச்சு, உன்னய மாதிரி ஒருத்திகூடத் தங்கினதில்ல. அவன் சொல்வது பொய்யில்லை, அதுதான் எரிச்சல், இத்தனை கேள்வி கேட்டவன் உன் கையை யார் பிடித்து நகர்த்தினார்கள் என்று ஒரு வரி கேட்டானா.

தென்காசியிலிருந்து மாமனார் போனில், எப்பம்மா வாரே, நம்ம ஆஸ்பத்திரி போர்டுல உன் பேரு எழுதியாச்சு, வாத்தியார் வேல பாக்கவா இத்தன வருசம் படிச்சே. நல்ல மனுஷர், கல்யாணத்துக்குப் பிறகும் படிக்கவிட்டவர், பேத்தியைத் தோளிலிருந்து இறக்காதவர், அந்த நன்றியே அவள் வாயை அடைத்துப்போட்டிருந்தது, சரி மாமா சரி மாமா என்றே காலம் போயிற்று, இன்று மாட்டேன். வரல மாமா, நான் இங்க வாத்தியாராத்தான் இருக்கப்போறேன், சொல்லிக்குடுக்க ஆளில்லன்னா நாளைக்கு உங்க நெஞ்சுல குழல வைக்கவனும் கேக்காமலே கேக்குதுன்னுதான் சொல்லுவான்.

அந்தப் பக்கம் போனே வைக்கப்பட்டுவிட்டது, வைக்கட்டும், படிவத்தின் கடைசிக் கேள்வி, ஆசிரியராகத் தங்குவீர்களா, அதற்கு ஆம் என்று எழுதி அடியில் இரண்டு கோடும் இழுத்தாள், இருநூத்தி ஒண்ணு, எழுதிக்கோ ஜெரால்டு, என்று நீட்டிவிட்டு, ஆணையை எடுத்துக்கொண்டு டீன் அலுவலகத்துப் படியேறினாள்.