பல்செட்டைக் காணோம்

எங்கள் குடியிருப்பில் பார்சல் திருடு போவது ஒன்றும் புதிதில்லை. இரண்டாம் மாடியில் ஒரு மிக்ஸி போனது. எதிர்வீட்டு ஜிம் தம்பிக்கு வந்த புரோட்டீன் டப்பா போனது. அப்போதெல்லாம் நானும் உச்சுக் கொட்டிவிட்டு என் வேலையைப் பார்த்தவள்தான். ஆனால் என் அப்பாவின் பல்செட்டை ஒருத்தன் தூக்கிக்கொண்டு போவான் என்று கனவிலும் நினைக்கவில்லை. அட, திருடுகிறவனுக்கு ஒரு விவஸ்தை வேண்டாமா? இன்னொருத்தர் வாய்க்கு அளவெடுத்துச் செய்ததை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? யாரிடம் விற்பான்?

அப்பா டெலிபோன் எக்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கையால் லைன் போட்டுக் கொடுத்த காலம் அது. இந்த ஊரையும் அந்த ஊரையும் இணைத்துவிட்டு, “ஹலோ, கேக்குதா?” என்று இரண்டு பக்கமும் விசாரித்து, கேட்கிறது என்று உறுதியான பிறகுதான் விலகுவாராம். அந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. தண்ணீர் மோட்டாரை நிறுத்தச் சொன்னாலும் கடைசியில் ஒரு “கேக்குதா?” இருக்கும். பழைய பல்செட் வாஷ்பேசினில் விழுந்து இரண்டாகப் போன நாளிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. பல் இல்லாமல் பேசினால் பாதி எழுத்து காற்றாகவே வெளியே வந்தது. பேசுவதையே குறைத்துக்கொண்டார்.

இதில் ஞாயிற்றுக்கிழமை அவருடைய பழைய எக்சேஞ்ச் நண்பர்கள் கூடும் நாள். வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற சந்திப்பு. வரவேற்றுப் பேசுவது எப்போதும் அப்பாதான். போகப் போக அங்கே போடுகிற நாற்காலி குறைந்துகொண்டே வருகிறது, அடுத்த வருஷம் யார் இருப்பார்களோ தெரியாது. ஆனாலும் பொக்கை வாயோடு போய் மைக் முன்னால் நிற்கமாட்டேன் என்று தலையை ஆட்டியே திட்டவட்டமாகச் சொல்லிவிட்டார். பல் டாக்டரோ, “வெளியூர் லேப்ல ரெடியாயிடுச்சும்மா, பார்சல்ல நேரா உங்க வீட்டுக்கே வந்துடும், போட்டுக்கிட்டு ஒரு தடவை வந்து காட்டினா போதும்” என்றார். நானும் நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை என் போனுக்குச் செய்தி வந்தது. ‘உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது.’ அப்போது நான் வேலையில் இருந்தேன். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பது என் தொழில். பக்கத்தில் இருந்த அம்மாள் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து என் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். இருந்தும் அன்றைக்கு அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் வாசலில் ஒன்றும் இல்லை. செருப்பு ஸ்டாண்டுக்கு அடியில் இல்லை. மீட்டர் பெட்டியில் இல்லை. அப்பா ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, உங்க பல்லு வந்துச்சா?”

இல்லை என்று தலையாட்டினார். பிறகு வாயைக் கூட்டி, “’ருப்புதான்... மேல வச்சிருக்கேன்” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பல் போனதிலிருந்து குழைந்த சோறும் பருப்பும்தான் அவருக்கு. அதில் சலிப்பு இருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காக எந்த நேரத்தில் எதைப் பேசுவது?

“பருப்பு மேல் தட்டுலதான் இருக்கு, எனக்குத் தெரியும்ப்பா. நான் பல்லைக் கேக்கறேன், நீங்க சாப்பாட்டுல இருக்கீங்க!”

அப்பா என்னை ஒரு மாதிரி பார்த்தார். தெரியுமா, அப்போ சரி என்பதுபோலப் பேப்பருக்குள் போய்விட்டார்.

பார்சல் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு மெஷின் எடுத்தது. ஒன்றை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். நான்கை அழுத்தச் சொன்னது, அழுத்தினேன். பாட்டுப் போட்டது. கடைசியில், ‘உங்கள் பார்சல் ஒப்படைக்கப்பட்டது, எங்கள் சேவையைப் பாராட்ட ஐந்தை அழுத்தவும்’ என்றது. கையில் கிடைத்தால் கழுத்தை அழுத்தியிருப்பேன். அப்பா அந்த மெஷினின் குரலைக் கேட்டுக் கொஞ்சம் சிரித்ததுபோல் இருந்தது.

“செயலாளர் அம்மா வீட்டுலயே திருட்டா?” என்றார் எங்கள் வீட்டுக்காரர், ஆபீஸிலிருந்து வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல்.

அந்தக் குத்தலுக்குக் காரணம் உண்டு. குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். மிக்ஸி போனதுமே லிப்டுக்குள் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். ‘பார்சலை வாசலில் விடவேண்டாம். வீட்டில் இருப்பவர் உடனே வாங்கி, கண்ணில் படாத இடத்தில் பத்திரமாக வைக்கவும்.’ ஊருக்கெல்லாம் உபதேசம் செய்துவிட்டு என் வீட்டுப் பார்சலையே பறிகொடுத்து நிற்கிறேன். யாருக்குத்தான் வாய் சும்மா இருக்கும்?

விடவில்லை நான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில் கூட்டம் போட்டேன். போட்டிருக்கவே வேண்டாம். மூன்றாம் மாடி கேமரா சார் வந்தார். எதற்கெடுத்தாலும் கேமரா வைக்கவேண்டும் என்பதால் அவருக்கு அந்தப் பெயர். குழாய் ஒழுகினாலும் அவர் கேமராதான் கேட்பார்.

“மூலைக்கு மூலை கேமரா வச்சா ஒரு ஈ உள்ள வரமுடியாது மேடம்.”

“நான் துண்டோட பால் எடுக்க வர்றதெல்லாம் ரெக்கார்டு ஆகணுமா?” என்று ஜிம் தம்பி எகிறினான்.

“பூட்டு போட்ட பெட்டி வைங்க” என்றார் ஒருவர். “சாவி யார்கிட்ட இருக்கும்?” என்றார் இன்னொருவர். சாவியில் ஆரம்பித்தது, யார் வீட்டு ஸ்கூட்டர் யார் இடத்தில் நிற்கிறது என்பதில் போய் முட்டியது. திருடன் அங்கேயே உட்கார்ந்து கேட்டிருந்தால்கூட அவனுக்கே அலுத்துப்போயிருக்கும். என் காரில் என்றால் என் காலடியில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். இந்த ஜனங்களுக்கு எங்கே மிதிப்பது?

“என் அப்பாவோட பல்லு போயிருக்கு! ஞாயித்துக்கிழமை அவர் போகணும், பேசணும். மறுபடி செய்ய ஒரு மாசம் ஆகுமாம். நீங்க ஸ்கூட்டர் கதை பேசறீங்க!” என்று கத்தினேன்.

அந்த நேரம் பார்த்து அப்பா மெதுவாக லிப்டிலிருந்து இறங்கி வந்தார். என் கையைத் தொட்டு ஏதோ சொன்னார்.

“பெரியவர் என்ன சொல்றாரு?” என்றார் கேமரா சார்.

“ஒண்ணுமில்ல, பருப்பைப் பத்தி” என்றேன்.

அப்பா வேகமாகத் தலையை ஆட்டினார். “’ருப்பு இல்ல... ’ருப்பு!” என்று கையை மேலே தூக்கிக் காட்டினார்.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அது மற்றவர்களுக்கும் பரவியது. சிரிக்கக்கூடாது என்று வாயைப் பொத்திக்கொண்டவர்களைப் பார்க்கத்தான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அப்பா யாரையும் பார்க்கவில்லை. திரும்பி லிப்டுக்குள் போய் நின்றார். என் நோட்டீஸ் அவர் தலைக்கு மேலே இருந்தது. அதன் பிறகு அவர் வீட்டில் வாயே திறக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. வெளுத்துத் தேய்த்த சட்டை நாற்காலியில் தொங்கியது. அப்பா பனியனோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். “வாங்கப்பா, பேசலன்னா பரவாயில்ல, சும்மா முன்வரிசைல உக்காந்துட்டு வாங்க” என்று கெஞ்சிப் பார்த்தேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். திருடனைச் சபித்துக்கொண்டே சமையலறைக்குப் போனேன்.

அப்போது போன் வந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர், சின்ன வயதிலிருந்து நான் எக்சேஞ்ச் மாமா என்று கூப்பிடுகிறவர். “எங்க அவன்? இங்க எல்லாரும் அவனைத்தான் கேக்கறாங்க. குடு.”

“அவரால பேசமுடியாது மாமா. பேசினாலும் உங்களுக்குப் புரியாது.”

“நீ குடும்மா முதல்ல.”

போனை அப்பாவின் காதில் வைத்தேன். முதலில் வேண்டாவெறுப்பாக ஏதோ முனகினார். அந்தப் பக்கம் என்ன பதில் வந்ததோ, நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுபடி பேசினார். நீளமாகப் பேசினார். கையை ஆட்டினார். ஒருதரம் சிரிக்கவும் சிரித்தார். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அந்தப் பக்கமோ விட்டுவிடாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

“மாமா, அவர் பேசறது உங்களுக்குப் புரியுதா?”

“ஏன் புரியாம? இடியிலயும் மழையிலயும் லைன் இதைவிட மோசமா இருக்கும். புரியலன்னா, திரும்பச் சொல்லுன்னு கேட்டா ஆச்சு” என்றார். “அது கிடக்கட்டும். ஏம்மா, உன் செருப்பை நீ ஏன் இன்னும் எடுத்துக்கல?”

“என்ன செருப்பு?”

“உனக்கு வந்த புதுச் செருப்பை உங்கப்பன் வாங்கி, லிப்டுல போட்டிருந்தபடி யார் கண்ணுலயும் படாம பீரோ மேல பத்திரமா வச்சானாம். அன்னைக்கே உன்கிட்ட சொன்னானாம். நீ, மேலதான் இருக்கு, தெரியும்னியாம். அப்புறம் கூட்டத்துல, அன்னைக்கு வந்தது செருப்புதான்னு சொல்ல வந்தா எல்லாரும் சிரிச்சீங்களாம். வேணாம்னா யாருக்காவது குடுத்துடுன்னு சொல்றான்.”

நான் செருப்பு எதுவும் வாங்கவே இல்லை.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். போர்வைகளுக்குப் பின்னால், சுவரை ஒட்டி, ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. மேலே பெரிதாகப் பெண்கள் செருப்புப் படம். பக்கவாட்டில் என் பெயர், எங்கள் விலாசம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் அந்த லேபின் பெயர். லேபில் கிடந்த பழைய பெட்டியில் போட்டு அனுப்பியிருக்கிறான் மகராசன். நாற்காலியில் நின்றபடியே பிரித்தேன். பஞ்சுக்குள் மேல்வரிசையும் கீழ்வரிசையும் பளபளவென்று இருந்தன.

பெட்டியோடு கீழே இறங்கினேன். திருடன், திருடன் என்று குடியிருப்பையே இரண்டுபடுத்தியிருக்கிறேன். இந்த மனுஷன் இரண்டு தடவை என்னிடமே வந்து சொல்லியிருக்கிறார். என்னை நினைத்தால் எனக்கே ஆத்திரமாக வந்தது.

அப்பா எழுந்து வந்தார். பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். அதில் இருப்பது செருப்பு இல்லை, தன்னுடைய பல் என்பது அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. வாங்கிக்கொண்டுபோய் வாஷ்பேசினில் கழுவினார். இந்தத் தடவை கீழே ஒரு துண்டை விரித்துக்கொண்டார். மேல்வரிசையை மாட்டினார், கீழ்வரிசையை மாட்டினார், கடித்துப் பார்த்தார். கண்ணாடியில் முகம் பழைய முகமாகிவிட்டது.

நான் அவர் பின்னாலேயே போய் நின்றேன். மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“செருப்பு” என்றார். முதல் எழுத்து மணி அடித்த மாதிரி இருந்தது.

வேறு யாராவது என் முகத்துக்கு நேராக அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் அங்கேயே ஒரு கை பார்த்திருப்பேன்.

“செருப்பு. கேக்குதா?”

“கேக்குதுப்பா” என்றேன்.