சோளக்கொல்லைப் பொம்மை

அந்தச் சின்ன டிசைன் ஆபீஸில் எந்த வேலைக்கும் மூன்று மாதிரி காட்டுவது வழக்கம். ஒன்று உயிரைக் கொடுத்துச் செய்தது. இன்னொன்று ஒப்புக்குச் செய்தது. மூன்றாவது வேண்டுமென்றே மட்டமாகச் செய்தது. அதற்கு முதலாளி வைத்த பெயர் சோளக்கொல்லைப் பொம்மை. அதைப் பார்த்து மிரண்டு வாடிக்கையாளர் நல்லதைத் தேர்ந்தெடுப்பார் என்பது அவர் கணக்கு. பதினோரு வருடமாக அந்தக் கணக்கு தப்பியதில்லை.

நகரப் பேருந்துகளுக்குப் புது வண்ணம் என்று வேலை வந்தபோது பாப்பா அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. முப்பத்தோரு வயதில் என்ன பாப்பா என்று கேட்கக்கூடாது. வீட்டுப் பெயர் ஆபீஸ் வரை தொற்றிக்கொண்டுவிட்டது. அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். முப்பத்திரண்டு வருடம் ஓட்டியாயிற்று, இன்னும் மூன்று மாதத்தில் ஓய்வு. கடைசி நாளில் அவர் மகள் வரைந்த வண்டியை ஓட்ட வேண்டும். அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை.

பணிமனைக்கே போய் அளவெடுத்தாள். டேப்பின் மறுமுனையை அப்பா பிடித்துக்கொண்டார். "வயசானவங்க கதவு எங்கன்னு தெரியாம தடுமாறுறாங்கம்மா. அதுக்கு ஏதாவது பண்ணு" என்றார். கருநீல வண்டியில் ஒரே ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். முன்னாலிருந்து பின்வரை ஓடி, ஒவ்வொரு கதவருகிலும் வளைந்து இறங்கும் கோடு. மூன்று வாரம் பிடித்தது. அச்செடுத்த படத்தை அப்பா மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பணிமனை முழுக்கத் தண்டோரா போட்டார்.

பொம்மைக்குப் பத்தே நிமிடம். முன்விளக்குகளுக்கு இமைமயிர், பம்பரில் முப்பத்திரண்டு பல், பக்கவாட்டில் துள்ளும் ஊதா முயல்கள். போட்டு முடித்து வயிறு வலிக்கச் சிரித்தாள். சிரித்த பாவம் சும்மா விடுமா?

போக்குவரத்து அதிகாரி நீலத்தைப் பார்த்து "நல்லா இருக்கு" என்றார். பொம்மையைப் பார்த்ததும் அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அட, வண்டி சிரிக்குதே!" என்று அங்கேயே கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"சார், அது பொம்மை சார்!" என்று பாப்பா முதலாளியிடம் ஓடினாள்.

"தெரியும்மா. அவர்கிட்ட என்னன்னு சொல்ல? உங்களை மிரட்டத்தான் வேணும்னே மட்டமா போட்டோம்னா?"

"நீலம்தான் நல்லதுன்னு சொல்லுங்க சார்."

"மூணு தடவை சொன்னேன். சொல்லச் சொல்ல அவருக்கு அந்த முயல் மேல ஆசைதான் கூடுது."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இவள் தன் கையால் கெட்டாள்.

வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்று தினமும் நினைத்தாள். அப்பாவோ சாப்பிட உட்காரும்போதெல்லாம், "வண்டி எப்பம்மா வருது?" என்றார். "வரும்பா" என்று சொல்லி அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

அவர் ஓய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது வண்டி வந்தது. அன்று மாலை வீடு திரும்பியவர் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உன்னோடதை எடுக்கலையா? முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா."

"அப்பா..."

"எல்லாரும் சுத்தி நின்னு சிரிக்கிறாங்க. இதுதான் உன் பொண்ணு வரைஞ்சதாங்கிறாங்க. எனக்கு வந்துச்சு பாரு கோபம்! பையில இருந்த படத்தை எடுத்துக் காட்டினேன். இதுடா என் பொண்ணு வரைஞ்சது, அந்தக் கண்றாவி வேற எவனோ போட்டதுன்னேன். அப்புறம்தான் வாயை மூடினாங்க."

அதைப் போட்டதே நான்தான் என்று சொல்லப் பாப்பா வாயெடுத்தாள். இப்போது உண்மையைச் சொன்னால் மிச்சமிருக்கும் ஒன்பது நாளும் அவர் அங்கே எப்படித் தலைநிமிர்ந்து நிற்பார்? தினமும் அதே வண்டியைத்தான் ஓட்டவும் வேண்டும்.

அப்பா கசங்கிய படத்தை மேசைமேல் வைத்து உள்ளங்கையால் நீவினார்.

"விடும்மா. அதைப் போட்டவனுக்கும் ஒரு அப்பா இருப்பாருல்ல? இதையெல்லாம் கேட்டா அந்த மனுஷன் மூஞ்சியை எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு, பாவம்."

"ஆமாப்பா" என்றாள் அவள்.